மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

கையெழுத்துக் கேட்டார்கள்.
முதுகில் ஊசி என்று தாளில் இருந்தது.
பேனாவை நான் வாங்கவில்லை.
எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும்,
முதுகில் குத்தினால் கால் வராது.
யாருக்கு வராமல் போனது என்று கேட்டால்
ஒருவருக்கும் பெயர் தெரியாது.

டாக்டர் ஷெறின் என் காக்கியைப் பார்த்தார்.
எந்த ரூட்?
மேட்டுப்பாளையம் குன்னூர். பதினேழு வருஷம்.
சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த ட்ரிப் ஷீட்டை உருவி
பின்பக்கத்தில் ஒரு மலைப்பாதை வரைந்தார்.
முதுகெலும்பாம்.

"தண்டுவடம் மேலயிருந்து வருது.
இடுப்புக்கு மேலயே, இங்க, நின்னுடுது.
அதுக்குக் கீழ நரம்பு இழைங்க மட்டும்,
தண்ணியில மிதக்கிற முடி மாதிரி.
ஊசி வந்தா ஒதுங்கிக்கும்.
நான் போறது இங்க.
மூணாவது எலும்புக்கும் நாலாவது எலும்புக்கும் நடுவுல."

அதாவது வண்டி மேலேயே நின்றுவிடுகிறது.
கீழே வெறும் சாலை.

சி. யோகராசா என்று போட்டேன்.
ராசாவின் கால் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

தர்ஷனுக்கு ஆறு வயது.
நான்கு நாள் காய்ச்சல்.
நேற்றிரவு ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லி அழுதான்.
காலையில் மோவாய் நெஞ்சைத் தொடவில்லை,
கழுத்துக்குள் யாரோ குச்சி வைத்துக் கட்டியதைப் போல.

அம்மா வெளியே இருக்கட்டும், அப்பா பிடிங்க என்றார்
சிஸ்டர் ஜெபமணி.
ஒரு கை தோளுக்குப் பின்னால்,
ஒரு கை முழங்காலுக்குப் பின்னால்.
ஒருக்களித்துக் கிடந்தவனை
முட்டி வயிற்றில் படும்வரை மடக்கினேன்.
"இன்னும். வளைஞ்சாத்தான் எலும்பு வழி விடும்."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறேன், மழையில், இரவில்,
யானை நிற்கிற வளைவில்,
ஐம்பத்திரண்டு பேரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.
அது திருப்பத் திருப்பக் கேட்கும்.
இது அப்பா அப்பா என்றது.

கொண்டை ஊசி, கொண்டை ஊசி என்று
பதினேழு வருஷம் சொல்லியிருக்கிறேன்.
அதற்குள் ஊசி இருப்பது
இன்றுதான் காதில் விழுந்தது.

பழுப்பு மருந்து. குளிர்ந்தது என்று சிலிர்த்தான்.
மரத்துப்போக ஒரு ஊசி, அதற்குத்தான் கத்தினான்.
அடுத்ததற்குக் கத்தவில்லை. நீளமானது அதுதான்.
நான் அதைப் பார்க்கவில்லை,
டாக்டரின் முகத்தைப் பார்த்தேன்.
ஏதோ ஒரு தோலைத் தாண்டும்போது
சின்னதாய் 'டப்' என்று விடுமாம்.
எனக்குக் கேட்கவில்லை.
அவர் விரலுக்குக் கேட்டது.

பீறிட்டு வரும் என்று நினைத்திருந்தேன்.
சொட்டுச் சொட்டாக வந்தது.
மேகம் படிந்த ஜன்னலில்
ஒரு சொட்டு கனத்து, யோசித்து, இறங்குமே, அப்படி.
மூன்று சின்னக் குப்பிகள்.
ஒன்றில் சர்க்கரை பார்ப்பார்களாம், ஒன்றில் அணுக்களை எண்ணுவார்களாம்,
ஒன்றில் கிருமி முளைக்கிறதா என்று காத்திருப்பார்களாம்.

கலங்கலாக இருந்தால் சீழ் என்றார் சிஸ்டர்.
ஜன்னலில் தூக்கிப் பிடித்தார்.
ஜன்னல் முழுக்கப் பனி.
குப்பிக்குள் வெள்ளையா குன்னூருக்குள் வெள்ளையா
தெரியவில்லை.
பனியில் வண்டி ஓட்டுகிறவன், எனக்கே தெரியவில்லை.

பிறகு சுவரிலிருந்த காலண்டருக்கு முன்னால் பிடித்தார்.
எழுத்து தெரியுதா பாருங்க.
படித்தேன்.
ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று.
மணி அப்போது இரண்டு பத்து.

தெளிவுதான். ஆனாலும் லேப் சொல்லட்டும் என்றார் டாக்டர்.
தெளிந்த தண்ணியிலும் வைரஸ் இருக்கும்,
மருந்து ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

மல்லாந்து கிடந்த தர்ஷன் கேட்டான்:
எடுத்த தண்ணி திரும்ப வருமா?
ஊறிடும்டா. தினமும் ஊறிக்கிட்டேதான் இருக்கு,
உனக்கும் எனக்கும்.
ஒன்பதாவது வளைவுப் பாறை மாதிரியா, என்றான்.
ரேடியேட்டர் கொதித்தால் அங்கேதான் நிறுத்துவேன்,
ஒரு தடவை கூட வந்திருக்கிறான்.
ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
தூங்கிவிட்டிருந்தான்.

அவன் கால் விரலைத் தொட்டேன்.
உள்ளே இழுத்துக்கொண்டான்.
இன்னொரு தடவை தொட்டேன்.

ட்ரிப் ஷீட் தொலைந்துவிட்டது என்று
டிப்போவில் சொல்லிக்கொள்ளலாம்.